இடக்கைக்கு ஒரு கிட்டார்

கிட்டாரைப் பற்றி எழுத ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துக்கொண்டிருந்த இவருக்கு என்ன யோக்கியதை என்று சங்கத்து நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்கு ஸ்ருதி ஞானம் கிடையாது, தாளமும் சுமார். ஆனால் பிறவியிலேயே நான் நொட்டாங்கைக்காரன். குமுளியில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்கும் அதே கை வாய்த்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஓண விடுமுறைக்குப் பாலக்காடு வந்தவள், "தாத்தா, எனக்கு எலக்ட்ரிக் கிட்டார் வேணும்" என்றாள். மாப்பிள்ளை பாதி, என் பென்ஷனிலிருந்து பாதி என்று 15,000 ரூபாய் ஒதுக்கிக்கொண்டு, வாளையார் தாண்டிக் கோயமுத்தூருக்குப் போனோம்.

கடைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். "இடது கைக்குன்னு தனியா ஸ்டாக் வைக்கறதில்லைங்க சார். புதுசாக் கத்துக்கற கொழந்தைதானுங்களே, வலது கையிலயே பழகிக்கும்."

இந்தப் "பழகிக்கும்" என்ற சொல்லை நான் இரண்டாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். அன்றைய ஆசிரியர் ஒருவர் என் இடது கையைப் பெஞ்சோடு துண்டால் கட்டி வைத்து, வலது கையில் சிலேட்டுக் குச்சியைக் கொடுத்தார். பழகிக்கொண்டேன். இன்றுவரை என் கையெழுத்தை என் மனைவியைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. பாலிடெக்னிக்கில் டி ஸ்கொயரைத் தப்பான பக்கம் பிடிக்கிறேன் என்று டிராயிங் வகுப்பில் நான் வாங்கிய திட்டுக்களைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கிட்டாரில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. ஒரு கை மெட்டுக்களை அழுத்துகிறது, மற்றது கம்பியை மீட்டுகிறது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர் இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரர்களைப் போலவே கிட்டார் பிடித்து உலகப் புகழ் பெற்றவர். ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாளத்தைச் சுமப்பது மீட்டுகிற கை. அதை எந்தக் கை என்று முடிவு செய்ய வேண்டியது கடைக்காரரின் ஸ்டாக் அல்ல. வீட்டுக்கு வந்து பேத்தி கையில் துடைப்பத்தைக் கொடுத்து, "கிட்டார் மாதிரி பிடித்து வாசி" என்றேன். மூன்று நாள், மூன்று தடவை, எதிர்பாராத நேரங்களில். மூன்று தடவையும் இடது கைதான் மீட்டியது. செலவில்லாத பரிசோதனை. வாங்குவதற்கு முன் எல்லோரும் செய்யலாம்.

உறவில் ஒரு பெரியவர், "நொட்டாங்கையால் வாத்தியமா?" என்று முகம் சுளித்தார். அவருக்கு மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை நினைவுபடுத்தினேன். அவர் இடது கைக்காரர். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் அவர் பாடகரின் இடப்பக்கம் அமர வேண்டும். பிடில்காரர் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். இதற்கு எல்லா வித்வான்களும் சந்தோஷமாக இசைந்துவிடவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் வாசிக்க வைத்தவர் நம் பாலக்காட்டுச் செம்பை வைத்தியநாத பாகவதர். மாறியது உட்காரும் இடம்தான், கை அல்ல. பெரியவர் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த யோசனை, வலக்கைக் கிட்டாரையே தலைகீழாகத் திருப்பிக் கம்பிகளை மாற்றிக் கட்டுவது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படித்தான் செய்தார். 1969 உட்ஸ்டாக்கில் அவர் வாசித்ததும் திருப்பிப் பிடித்த வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். ரயில்வேயில் பாதை பிரியும் இடத்தில் போடும் டர்ன் அவுட்டில் இடது கை, வலது கை என்று இரண்டு ஜாதி உண்டு. இடது கை டர்ன் அவுட்டைத் திருப்பிப் போட்டு வலது கை ஆக்கிவிட முடியாது. கிட்டார் அவ்வளவு பிடிவாதம் இல்லை என்றாலும் சங்கதி அதேதான். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து கிடக்கும் சின்னப் பட்டைக்கு நட் என்று பெயர். சாதாரண செட்டில் மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042 அங்குலம். நட்டில் வெட்டிய காடிகளும் அந்தந்தக் கனத்துக்கு ஏற்றவை. மாற்றிக் கட்டினால் தடித்த கம்பி காடிக்குள் இறங்காது, மெல்லியது பெரிய காடியில் ஆடிக் கரகரக்கும். நட்டை மாற்றியே ஆக வேண்டும். அதோடு, திருப்பிப் பிடித்தால் சத்தம் கூட்டுகிற குமிழ்கள் மேலே வந்து முழங்கையில் இடிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் போல இரண்டு பக்கமும் கொம்பும் வெட்டும் உள்ள உடல் என்றால் சமாளிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெட்டு உள்ள லெஸ் பால் மாதிரியைத் திருப்பினால் கடைசி மெட்டுக்களுக்கு விரல் எட்டுவதே சிரமம். ஹென்ட்ரிக்ஸ் சமாளித்தார். பதினாலு வயதுப் பெண் முதல் மாதத்திலேயே இத்தனையையும் சமாளிக்க வேண்டுமா?

கடைசியில் அசல் இடக்கைக் கிட்டாரையே ஆர்டர் செய்தோம். வர மூன்று வாரம். வலக்கை மாடலைவிட 1,500 ரூபாய் அதிகம், நிறமும் கறுப்பு ஒன்றுதான். பேத்திக்குச் சிவப்பு கிடைக்காத வருத்தம் இன்னும் இருக்கிறது. விற்கப் போனால் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மை. அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். ஆனால் மற்றதில் மிச்சம் பிடித்தோம். 10 வாட் ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்குத் தாராளம். ஹெட்ஃபோன் துளை இருந்தால் பக்கத்து வீட்டு நட்பும் நிலைக்கும். ட்யூனர் செல்போனிலேயே உண்டு. கைப்பிடியை அசைத்துக் கம்பியை நெளிய வைக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் வேண்டாம், அசையாத பிரிட்ஜ் போதும். ஸ்ருதி சுலபத்தில் கலையாது. பெட்டி வந்ததும் ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் கழுத்து சரி. விரல் நுழைந்தால் வளைவு, திருப்பி அனுப்புங்கள்.

குமுளி மழைக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லிக் கொடுப்பவர் அங்கே சர்ச் கொயரில் வாசிக்கும் இளைஞர், வலது கைக்காரர். "எனக்கு இடக்கை வராதே" என்று முதலில் தயங்கினார். எதிரெதிராக உட்கார்ந்து பார்த்தபோது பேத்திக்கு அவர் கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி ஆகிவிட்டார். மற்றப் பிள்ளைகளைவிட அவளுக்கு விரல் வைப்பு சுலபமாகப் புரிகிறதாம்.

நம் சங்கத்தில் இசை வகுப்பு தொடங்குவது பற்றிப் பேச்சு நடக்கிறது. வாங்கப்போகும் கிட்டார்களில் ஒன்றாவது இடக்கையாக இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். எஸ்டேட்டிலிருந்தோ சித்தூர்ப் பக்கத்திலிருந்தோ வரும் ஒரு பிள்ளை அதை எடுத்துப் பார்க்கட்டும். பட்ஜெட் இடம் கொடுக்காது என்றால், இரண்டு கொம்புள்ள பழைய வலக்கைக் கிட்டார் ஒன்றை என் வீட்டுக்கு அனுப்புங்கள். புது நட் செதுக்கிப் போட்டுத் தருகிறேன். அரமும் ஃபீலர் கேஜும் என்னிடம் இருக்கின்றன.