மரவேலை மொக்குகளுக்கு என்று யார் சொன்னது?

ஒன்ராறியோவில் 2024 செப்ரெம்பரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனவர்களில் இருந்து ஒரு புது விதி நடைமுறையில் இருக்கிறது. ஹைஸ்கூல் டிப்ளோமா வேண்டுமென்றால், ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் தொழில்நுட்பக் கல்வியில் ஒரு கிரெடிற் எடுத்தே ஆகவேண்டும். அந்தப் பட்டியலில் கட்டுமானம் இருக்கிறது, கார் திருத்துவது இருக்கிறது, சமையல் இருக்கிறது, கொம்பியூட்டரும் இருக்கிறது. எங்கட வீடுகளில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடம் தெரிவு செய்கிற கடதாசியை அம்மாவும் அப்பாவும் மேசையில் விரித்து வைத்து, மரமும் இரும்பும் கிறீஸும் இல்லாத பெட்டியைத் தேடிப்பிடித்து, அதிலே புள்ளடி போடுவார்கள். "கொம்பியூட்டர் எடு பிள்ளை. அந்த மரவேலை எல்லாம் படிப்பு ஓடாத பிள்ளைகளுக்கு."

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அவர்கள் சொல்கிற காரணத்தை எடுப்போம். ஆபத்து. கை போய்விடும். சரி, கைபோகிற இயந்திரம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் பெயர் ரேபிள் சோ. மேசைக்கு நடுவில் வட்ட வாள் சுழல, பலகையை உங்கள் கையால் அதை நோக்கித் தள்ளவேண்டும். அமெரிக்காவில் மட்டும் வருசத்துக்கு ஏறக்குறைய 30,000 பேர் இதனால் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். தோல் பட்டவுடன் சில மில்லி செக்கனில் வாளை நிறுத்திவிடுகிற 'சோ ஸ்டொப்' போன்ற இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெரும்பாலான கராஜ்களில் இருப்பது நிற்காத வகைதான். ஆகவே அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தொடங்குகிற ஆளுக்கு ரேபிள் சோ வேண்டாம். நானும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் ட்றில்லும் ஜிக்சோவும் சாண்டரும் அதே பட்டியலில் வராது. ஜிக்சோவில் ஒரு விரல் நீள அலகு மேலும் கீழும் போய்வருகிறது. பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டால் உங்கள் இரண்டு கையும் இயந்திரத்தின் மேலேதான் இருக்கும், வெட்டுகிற பாதையில் இராது. சாண்டரோடு கொஞ்ச நேரம் மினக்கெட்டால் கை விறைக்கும், அவ்வளவுதான். இதைவிடக் கூரான கத்தியால் அம்மம்மா தினமும் நிலத்தில் இருந்து மீன் வெட்டுகிறா. பதினாறு வயதில் ஜி-1 எடுத்தவுடன் ஒன்றரைத் தொன் இரும்பை 401 வரை ஓட்டிப் பழகப் பக்கத்தில் உட்காருகிற அதே அப்பாதான், ட்றில் என்றால் 'கவனம் கவனம்' என்கிறார். ஆபத்துத்தான் கணக்கென்றால் இந்தக் கணக்குப் பிழை.

கணக்கு வேறு. அதைப் பெரியவர்கள் உங்களுக்குச் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் தச்சு வேலை ஒரு சாதியின் வேலை என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். மற்றவன் உளியைத் தொடமாட்டான். தொட்டால் சனம் கதைக்கும். கோயில் தேரையும் வாகனத்தையும் கண்ணில் ஒற்றிக் கும்பிடுகிற ஊர், அந்தத் தேரைச் செய்த வீட்டோடு கலியாணச் சம்பந்தம் என்றால் பின்வாங்கும். அந்தப் பழக்கத்தை யாரும் கட்டுநாயக்காவில் இறக்கி வைத்துவிட்டு பிளேன் ஏறவில்லை. இங்கே வந்து அது பெயரை மாற்றிக்கொண்டது. சாதி என்று சொன்னால் வெட்கம், ஆகவே 'படிப்பு ஓடாத பிள்ளை' என்று சொல்கிறோம். கைவேலையைக் கீழே வைக்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு கலியாண வீட்டில் நான் செய்த சின்னப் புத்தக ராக்கையின் படத்தைப் பார்த்த ஒரு மாமா கேட்டார்: "ஏன் பிள்ளை, ஐக்கியாவில வாங்க வசதியில்லையோ?" பகிடிதான். எல்லாரும் சிரித்தார்கள். அதே மாமா போன வருசம் வீட்டு பேஸ்மன்ற் செய்வித்தபோது, மரவேலைக்காரரின் மணித்தியாலக் கூலியைக் கேட்டுத் தலையில் கை வைத்தவர். அந்த வேலையைத் தெரிந்தவனுக்கு அவரே காசு கொடுக்கிறார், அந்த வேலையைத் தன் பிள்ளை தெரிந்திருப்பதுதான் அவருக்குக் குறைச்சல். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

பெட்டைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. தம்பிக்கு 'கவனம்' என்று சொல்வார்கள், தங்கச்சிக்கு 'விடு' என்று சொல்வார்கள். கராஜில் எது உடைந்தாலும் அண்ணாவைக் கூப்பிடுவார்கள், அண்ணாவுக்கு ட்றில்லில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாவிட்டாலும். மணிக்கட்டுப் பலம் இல்லை என்றால் அதற்கு விடைதான் பற்றரி. கையால் ஸ்குறூ இறுக்கத்தான் பலம் வேண்டும். 12 வோல்ற் ட்றில் ஒன்றின் பாரம் ஒரு லீற்றர் பால் அளவுதான். சின்ன மின்கருவிகளின் முழு நியாயமே இதுதான்: பலம் பெரிசில்லாதவருக்கும் மரம் திறந்திருக்கிறது.

இங்கே இன்னொரு கூட்டத்தோடும் சண்டை பிடிக்கவேண்டி இருக்கிறது. 'மின்கருவி எல்லாம் ஏமாத்து, உண்மையான மரவேலை என்றால் சீவுளியும் உளியும் கைவாளும்தான்' என்கிற கூட்டம். வடிவான பேச்சு. ஆனால் உளியைக் கூராக்கப் பழகவே மாதக்கணக்கில் எடுக்கும். மழுங்கின உளியோடு மூன்று கிழமை போராடின பிள்ளை நான்காம் கிழமை திரும்பப் போனைத்தான் எடுக்கும். முதலில் ஒரு சாமானைச் செய்து முடிக்கட்டும். உளி எங்கேயும் ஓடாது.

மூன்றாவது கூட்டம் கடைக்காரர். யூரியூப்பில் 'தொடக்கக்காரருக்கான எளிய செயற்திட்டம்' என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் அவருடைய கராஜில் ரேபிள் சோ, பிளேனர், ஜொயின்ரர், பான்ட் சோ, ஒரு சுவர் முழுக்கக் கிளாம்ப். வீடியோவுக்குக் கீழே அத்தனையையும் வாங்குகிற இணைப்பு. அது தொடக்கக்காரருக்கான பாடமா, தொடக்கக்காரருக்கான பில்லா? அந்தப் பக்கம் பார்த்தால் பிள்ளைகளுக்கான பெட்டிகள்: எல்லாப் பலகையையும் வெட்டி, துளையும் போட்டு, பசையும் வைத்து அனுப்புவார்கள். நீங்கள் ஒட்டினால் போதும். அது மரவேலை இல்லை, மரத்தில் செய்த ஜிக்சோ புதிர்.

தேவையானது மூன்று இயந்திரம். ஒரு பற்றரி ட்றில், ஒரு ஜிக்சோ, ஒரு வட்டச் சாண்டர். அதோடு இரண்டு கிளாம்ப், ஒரு மூலைமட்டம், பென்சில், கண்ணாடி, தூசி முகமூடி, காதுக்கு அடைப்பு. காசு இல்லையென்றால் பழையதாக வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். எங்கட ஆக்களின் கராஜ்களில் பெட்டி உடைக்காத ட்றில் எத்தனை கிடக்கிறது என்று ஒரு கோயில் திருவிழாவில் விசாரித்தாலே போதும்.

இனிப் பலகை. ஆறு அடி நீளப் பைன், 1x6 என்று கேளுங்கள். அளந்து பார்த்தால் அது 1 அங்குலமும் இருக்காது, 6 அங்குலமும் இருக்காது. தடிப்பு முக்கால் அங்குலம், அகலம் ஐந்தரை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. உலர்ந்து, நான்கு பக்கமும் சீவின பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான், பெயர் மட்டும் பழைய அளவில் நிற்கிறது. முதல் நாளே இது தெரியாவிட்டால் உங்கள் அளவெல்லாம் பிழைக்கும். இரண்டு பபிள் ரீ குடிக்கிற காசுக்குப் பலகை வரும்.

இந்த ஒரு பலகையில் ஒரு குருவிக்கூடு செய்யலாம். சிக்கடீ என்கிற கறுப்புத் தொப்பிச் சின்னக் குருவிக்கு. பின்பக்கம் 13 அங்குலம், முன்பக்கம் 9, பக்கங்கள் இரண்டும் ஒன்பது ஒன்பது, அடி 4, கூரை 9. கூட்டிப் பாருங்கள், 53. பலகையோ 72. இதிலே எல்லா வெட்டும் குறுக்கு வெட்டு, நீளவாட்டில் பிளக்கிற வேலையே இல்லை. ரேபிள் சோ இல்லாமல் முடியாது என்று சொல்கிற ஆளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வாசல் ஓட்டை 1 1/8 அங்குலம். இது அலங்காரத்துக்கு வைத்த எண் இல்லை. இந்த அளவில் சிக்கடீ நுழையும், ஹவுஸ் ஸ்பரோ என்கிற அடாவடிக் குருவி நுழையாது. ஒன்றரை அங்குலம் போட்டீர்களோ, வீடு வேறு ஆளின் கைக்குப் போய்விடும். ஓட்டையை முன்பக்கத் துண்டு வெட்டுவதற்கு முதலே போடுங்கள், நீளப் பலகையைக் கிளாம்ப் போடுவது லேசு. பின்னால் ஒரு கழிவுத் துண்டைச் சேர்த்து இறுக்கினால் மரம் மறுபக்கம் கிழியாது. வாசலுக்குக் கீழே சின்னத் தடி ஒன்று நீட்டி வைக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், கடையில் விற்கிற கூடுகளிலும் இருக்கும். வைக்காதீர்கள். சிக்கடீக்கு அது தேவையில்லை, கொள்ளை அடிக்க வருகிறவனுக்குத்தான் அது படி. உள்ளே பெயின்ற் அடிக்கக் கூடாது. அடிப்பலகையின் நான்கு மூலையிலும் தண்ணி வடியச் சின்னத் துளை. ஒரு பக்கப் பலகையை மட்டும் மேலே இரண்டு ஸ்குறூவில் தொங்கவிட்டால் கதவு மாதிரித் திறந்து வருசத்துக்கு ஒருக்கால் துப்புரவாக்கலாம்.

ஸ்குறூ என்றதும் ஒன்று. சதுரக் குழி உள்ள றொபேட்சன் ஸ்குறூ வாங்குங்கள். கனடாக்காரர் ஒருவர், பீற்றர் றொபேட்சன், 1909இல் காப்புரிமை எடுத்தது. ஒன்ராறியோவின் மில்ற்றனில் தொழிற்சாலை வைத்திருந்தார். ஸ்குறூ ட்றைவர் வழுக்கித் தன் கையை வெட்டின பிறகுதான் இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். சதுரக் குழிக்குள் முனை பூட்டினமாதிரி நிற்கும், வழுக்காது, ஒற்றைக் கையால் இறுக்கலாம். சிவப்புப் பிடி உள்ளது இரண்டாம் நம்பர், இந்த வேலைக்கு அதுதான். ஸ்குறூவுக்கு முதல் மெல்லிய துளை ஒன்று போடாமல் இறுக்கினால் பைன் பலகை ஓரத்தில் வெடிக்கும். ஜிக்சோவின் பல்லு மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும், ஆகவே வடிவான முகத்தைக் கீழே வைத்து வெட்டுங்கள்.

ஆபத்தைப் பற்றி அம்மாவோடு வாதாடப் போகிறவர்கள் உண்மையான ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு போகவேண்டும், அப்போதுதான் அவ நம்புவா. மரத்தூள்: 1995இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருட்களின் முதல் வகையில் போட்டுவிட்டது. முகமூடி போடுவதற்கு வெட்கப்படாதீர்கள், சாண்டரை வெளியில் கொண்டுபோய் ஓட்டுங்கள். சுழல்கிற கருவிக்குப் பக்கத்தில் கையுறை போடக்கூடாது, அது நூலைப் பிடித்துக் கையையும் இழுக்கும். தலைமயிரைக் கட்டுங்கள், துப்பட்டாவைக் கழற்றி உள்ளே வையுங்கள். பிற்காலத்தில் லின்சீட் எண்ணெய் பூசுகிற வேலை செய்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிடவேண்டும். தெருவில் கிடக்கிற சரக்குத் தட்டை உடைத்து எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மெதைல் புறோமைட் நச்சுப் புகை அடித்தது, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

'இதெல்லாம் செய்து என்ன பிரயோசனம், பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளையும் தச்சராகப் போவதில்லை' என்றும் கேட்பார்கள். பியானோ வகுப்புக்குப் போகிற பிள்ளை எல்லாம் பியானோக்காரராகப் போகிறதா? மிருதங்கம்? பரதம்? அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்துக் காசைக் கொட்டுகிறபோது அந்தக் கேள்வியை ஏன் ஒருத்தரும் கேட்பதில்லை? நடன மேடை குடும்பத்துக்குப் பெருமை, பணிமேசை குறைச்சல். சரி, தச்சராகத்தான் போகட்டுமே. அதில் என்ன குறைந்துவிட்டது? இந்த நகரத்தில் கட்டுகிற வீட்டுக்கெல்லாம் யாரோ ஒருவருடைய பிள்ளைதான் சட்டகம் அடிக்கிறது.

கடதாசியில் கட்டுமானத்துக்கு நேரே புள்ளடி போட அம்மா விடமாட்டா என்றால், ஒன்பதில் விட்டதைப் பத்தில் எடுக்கலாம், அதற்கும் விதி இடம் கொடுக்கிறது. அதற்கிடையில் கூட்டைச் செய்யுங்கள். செய்து முடித்ததும் உள்ளே கொஞ்சம் மரச்சீவலைப் போட்டு வையுங்கள். சிக்கடீக்கு வெறும் அறை பிடிக்காது, தானே குடைந்து வெளியில் கொட்டவேண்டும். தூளைப் போடாதீர்கள், ஈரம் பிடித்துக் கட்டியாகும். பெப்ரவரி முடிவதற்குள், ஐந்தடிக்கு மேலே, மரங்கள் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிற பக்கமாகத் தொங்கவிடுங்கள். வசந்தம் வர வீடு பார்க்க வருவார்கள். இந்த நகரத்தில் விலை கேட்காமல் வீடு பார்க்கிறது அவர்கள் மட்டும்தான்.