முதலில் குழாயடிக்கு ஓடுங்கள்
வெற்றிலைத் தட்டில் கிடக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை எடுத்துப் பிதுக்குகிறது. பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது. சுண்ணாம்பு காரம். பெரும்பாலான அமிலங்களைவிட ஆழமாகக் கருவிழிக்குள் இறங்கி அதை வெளுக்கச் செய்துவிடும். அதனால் ஆட்டோ தேடுவதற்கு முன் தண்ணீர். இமைகளை விரித்துப் பிடித்து, துகள்கள் போகும்படி, 15 முதல் 30 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். குழந்தை கதறும், கை தளரக் கூடாது. அந்த நேரத்தில் தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் தேடி அலைவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்போடு செய்தாலும் அது பார்வையைப் பறிக்கும் தாமதம். கழுவி முடித்ததும் நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் கம்பியோ குச்சியோ பட்டாசுச் சிதறலோ கண்ணைக் குத்திக் கிழித்திருந்தால் முறையே வேறு: கழுவாதீர்கள், கசக்காதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணில் அழுத்தாமல் காகிதக் குவளையைக் கவிழ்த்து ஒட்டி உடனே கிளம்புங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம். சுண்ணாம்பைப் பிதுக்கும் பாக்கெட்டில் விற்பதை அரசு தடைசெய்ய வேண்டும். குழந்தையால் திறக்க முடியாத டப்பா போதும்.