தரையில் இறங்கட்டும் குழந்தை

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தால், அது இறுகப் பற்றிக்கொள்ளும். திடீரென ஓசை கேட்டால் கைகளை விரித்து, பின் மார்போடு சேர்த்துக்கொள்ளும். இவை குழந்தை எண்ணிச் செய்பவை அல்ல. பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல்கள். மூளை வளர வளர, ஏறக்குறைய ஆறு மாதத்திற்குள் இவை அடங்கிவிடும். விரும்பிய பொருளை எடுக்கவும் விடவும் குழந்தை அதன் பிறகே பழகுகிறது.

இவை சரியாக அடங்காததால்தான் பள்ளியில் கவனம் சிதறுகிறது, கையெழுத்துக் கோணலாகிறது என்று கூறி, அசைவுப் பயிற்சி வகுப்புகள் சில இடங்களில் நடத்தப்படுகின்றன. உருளுதல், தவழுதல், ஊசலாடுதல் போன்றவையே அப்பயிற்சிகள். அசைவு நல்லதுதான். ஆனால், அது கற்றல் சிக்கலைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இன்னும் போதவில்லை. வகுப்புக்குக் கட்டணம் செலுத்துவதற்கு முன், வீட்டில் பிள்ளை உருள இடமிருக்கிறதா என்று பெற்றோர் பார்ப்பதே முறை.

குழந்தையின் அசைவைத் தமிழர் என்றோ கவனித்துவிட்டனர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் ஒன்று செங்கீரை. ஐந்தாம் மாதக் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம் அது. பின்னர்ச் சப்பாணியில் கைகொட்டும். வருகையில் தளர்நடை நடக்கும். முதலில் தலை நிற்கும், பிறகு கை ஊன்றும், அதன்பின் கால் நடக்கும் என்னும் இதே வரிசையைத்தான் மருத்துவரும் கூறுகின்றனர். புலவர்கள் மருத்துவர்கள் அல்லர். தரையில் கிடக்கும் குழந்தையைப் பொறுமையாகப் பார்த்தவர்கள்.

ஜார்ஜ்டவுனில் அந்தத் தரைதான் சுருங்கி வருகிறது. மலிவுவிலை அடுக்குமாடி வீடுகளில் சோபாவும் அலமாரியும் போக, பாய் விரிக்கவே இடம் குறைவு. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையிலோ மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. சமையலுக்கும் வேலைக்கும் நடுவே தாய் குழந்தையை இருக்கையில் அமர்த்தித் திறன்பேசியைக் காட்டுவதைக் குறை கூறிப் பயனில்லை. எனினும், குழந்தையை உட்கார வைத்து உருட்டும் சக்கர நடைவண்டியை மட்டும் தவிர்க்கலாம். விபத்துகள் காரணமாகக் கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. பாட்டி காலத்து மர நடைவண்டி வேறு. குழந்தை தானே நின்று அதைத் தள்ள வேண்டும்.

இன்னும் தவழாத குழந்தை, விழித்திருக்கும்போது நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடமாவது குப்புறக் கிடக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. அருகில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தூங்கும்போது மல்லாந்தே கிடத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும் அது கூறியது.

எல்லாக் குழந்தைகளும் தவழ்வதில்லை. சில நேரடியாக எழுந்து நடந்துவிடும். அண்டைவீட்டார் பேச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், குழந்தை ஒரு பக்கக் கையை மட்டுமே பயன்படுத்தினாலோ, முன்பு செய்ததைச் செய்ய மறந்தாலோ, உடனே தாய் சேய் நல மருந்தகத்தை நாட வேண்டும்.

தண்ணீர்மலையில் 1884-இல் அமைந்த தாவரவியல் பூங்காவின் புல்வெளி இருக்கிறது. குரங்குகள்மீது ஒரு கண் வைத்துக்கொண்டு, அங்கே குழந்தையைக் கீழே இறக்கிவிடலாம். அதைவிட, ஒவ்வோர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலும் வாகனம் நுழையாத ஒரு மூலையைக் குடியிருப்போர் சங்கம் குழந்தைகளுக்கென ஒதுக்கினால், பேருந்து ஏறிப் பூங்காவுக்குப் போக நேரமில்லாத தாய்க்கும் அது பயன்படும்.