இடது மூளைக் குழந்தை என்று யாரும் இல்லை

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் வீட்டுக்கு வீடு நடக்கும் 'எந்த குரூப்?' பேச்சில் சில ஆண்டுகளாக மூளையும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 'இவனுக்கு இடது மூளைதான் வேலை செய்யும், கணக்கு நன்றாக வரும்' என்கிறார்கள். 'அவள் வலது மூளைக்காரி, படம் வரைவாள், ஃபிசிக்ஸ் ஏறாது' என்கிறார்கள். பிள்ளையின் பத்து விரல் ரேகைகளையும் பதிவெடுத்து, எந்தப் பாதி மூளை எத்தனை சதவீதம் என்று வண்ண அறிக்கை கொடுத்துப் பணம் வாங்கும் மையங்களும் வந்துவிட்டன. விரல் ரேகை கருவிலேயே வடிவம் பெற்று அப்படியே நின்றுவிடுவது. மூளையோ பிறந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலும் தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பது. மூளையின் இரு பாதிகளுக்கும் வேலைப் பிரிவினை உண்டு என்பது உண்மை. அதை வைத்து மனிதர்களை இரண்டு சாதியாகப் பிரிப்பது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு பிள்ளைக்குக் கதவை மூடுவது அநியாயம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். 1861இல் பாரிஸை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். பிறர் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் அசைதான் பதிலாக வந்தது. அவர் இறந்த பின் மூளையை எடுத்துப் பார்த்தபோது இடது பாதியின் முன்பக்கத்தில் பழுது இருந்தது. வலக்கைப் பழக்கமுள்ள நூறு பேரில் ஏறத்தாழ 95 பேருக்குப் பேச்சின் பெரும்பொறுப்பு இடது பாதியில் இருக்கிறது. இடக்கைக்காரர்களிலும் நூறில் சுமார் 70 பேருக்கு அப்படித்தான். உடலின் வலப்பக்கத்தை இயக்குவதும் இடது பாதிதான். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு குழறி வலது கையும் தொய்ந்தால் இடது மூளையில் பக்கவாதம் என்று மருத்துவர் சந்தேகிப்பது இதனால்தான். (ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.)

இடது, வலது என்ற பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது புரோக்கா அல்ல, ரோஜர் ஸ்பெர்ரி என்ற மூளை ஆய்வாளர். மூளையின் இரு பாதிகளையும் இருபது கோடி நரம்பிழைகள் கொண்ட ஒரு பட்டை இணைக்கிறது. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவாமலிருக்க, 1960களில் கலிஃபோர்னியாவில் சிலருக்கு இந்தப் பட்டையை வெட்டினார்கள். கால்டெக் நிறுவனத்தில் ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகாவும் அவர்களைச் சோதித்தார்கள். திரையின் நடுப்புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லிவிட்டு, புள்ளிக்கு இடப்புறம் ஒரு படத்தை மின்னல் வேகத்தில் காட்டுவார்கள். இடப்புறம் தெரிவது வலது மூளைக்குப் போகும். இடது கையை இயக்குவதும் அதுதான். 'என்ன பார்த்தீர்கள்?' என்றால், 'ஒன்றுமில்லை' என்று வாய் சொல்லும். ஆனால் திரைக்குப் பின்னால் துழாவிய இடது கை, காட்டிய பொருளையே சரியாக எடுக்கும்.

பின்னர் கஸானிகா செய்த ஒரு சோதனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பட்டை வெட்டப்பட்ட இளைஞர் ஒருவரின் இடது மூளைக்குக் கோழிக்கால் படமும், வலது மூளைக்குப் பனி மூடிய வீட்டின் படமும் காட்டப்பட்டன. எதிரே உள்ள அட்டைகளில் பொருத்தமானதைத் தொடச் சொன்னபோது, வலது கை கோழியைத் தொட்டது. இடது கை பனி அள்ளும் மண்வெட்டியைத் தொட்டது. ஏன் மண்வெட்டி என்று கேட்டார்கள். பேசும் இடது மூளைக்குப் பனியே தெரியாது. ஆனாலும் அது தயங்கவில்லை. கோழிக்காலுக்குக் கோழி பொருத்தம், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வெட்டி வேண்டுமே என்று உடனே விளக்கம் வந்தது. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. நடந்த செயலுக்குக் காரணம் கோப்பது இடது பாதியின் இயல்பு. 'தர்க்க மூளை' என்று கொண்டாடப்படும் அதே பாதிதான் இப்படிக் கதை கட்டுகிறது.

'ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசே கொடுத்தார்களே, பிறகென்ன?' என்று கேட்கலாம். பரிசு கிடைத்தது பட்டை வெட்டப்பட்டவர்களிடம் செய்த ஆய்வுக்கு. நம் பிள்ளைகளின் தலைக்குள் அந்தப் பட்டை அறுபடாமல் இருக்கிறது. இந்த இடது வலது பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டு கண்டபடி ஓடுவது மிக எளிது என்று ஸ்பெர்ரியே தம் நோபல் உரையில் எச்சரித்தார். 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7 முதல் 29 வயதுவரை உள்ள 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை அலசினார்கள். சில வேலைகளுக்கான இணைப்புகள் இடப்புறமும் வேறு சில வலப்புறமும் கூடுதலாக இருந்தன. மூளை முழுவதும் இடது பக்கமே ஓங்கியவர், வலது பக்கமே ஓங்கியவர் என்று ஆட்கள் பிரிந்து நிற்கவில்லை.

பேச்சு இடப்புறம் என்றால், நன்றாகப் பேசும் பிள்ளை இடது மூளைப் பிள்ளைதானே என்பது அடுத்த கேள்வி. பாலைக் கொட்டிவிட்டு நிற்கும் மகனைப் பார்த்து அம்மா 'ரொம்ப நல்ல பிள்ளைடா நீ' என்கிறார். சொற்களை இடது பாதி பிரித்துவிடும். குரலின் ஏற்ற இறக்கத்திலுள்ள கோபத்தைப் பிடிக்கப் பெரிதும் வலது பாதி வேண்டும். அங்கே அடிபட்டவர்களில் சிலர் இதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். கணக்கும் அப்படித்தான். மனப்பாடமான வாய்ப்பாடு மொழியைச் சார்ந்து இடப்புறம் சாய்கிறது. எது அதிகம், எது குறைவு என்ற அளவுணர்வு இரு பக்கமும் இருக்கிறது. ஒரே கணக்கைப் போட இரண்டும் வேண்டும்.

வலது பாதியைக் 'கலை மூளை' என்பதும் அதன் உண்மையான வேலையை மறைக்கிறது. வலது மூளையின் பின்பக்க மேற்பகுதியில் பக்கவாதம் வந்த சிலர், கண் நன்றாக இருந்தும், தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்பார்கள். இத்தாலியின் மிலான் நகரில் எதுவார்தோ பிசியாக் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இருவரிடம், ஊரறிந்த கதீட்ரல் சதுக்கத்தை மனத்தில் கொண்டுவந்து வருணிக்கச் சொன்னார். 1978இல் அது வெளியானது. கதீட்ரலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை அடுக்கினார்கள், இடப்பக்கம் விட்டுப்போனது. கதீட்ரலுக்கு முதுகு காட்டி நிற்பதாக நினைக்கச் சொன்னதும், சற்றுமுன் விட்டுப்போன கட்டடங்கள் வந்துவிட்டன, சொன்னவை மறைந்தன. நினைவு அழியவில்லை. உலகின் இடப்பாதியின் மேல் கவனத்தைக் கொண்டுசெல்லும் ஆற்றல்தான் போயிருந்தது. சாலையைக் கடக்க, எழுதிய வரியை முழுதாக வாசிக்க எல்லாருக்கும் தேவையான ஆற்றல் அது. அதை ஓவியருக்கு மட்டும் எப்படி எழுதிவைக்க முடியும்?

'பிள்ளைகளுக்குள் வித்தியாசம் இருக்கத்தானே செய்கிறது? ஒரு பெயர் வைத்தால் என்ன கெட்டுப்போகும்?' என்பதுதான் நான் மிகவும் மதிக்கும் கேள்வி. வித்தியாசம் நிச்சயம் இருக்கிறது. ஒருத்திக்கு அல்ஜீப்ரா சட்டென்று பிடிபடும், இன்னொருத்திக்கு நாளாகும். 'உனக்கு இன்னும் வரவில்லை' என்று சொல்லும்போது அவளுக்குப் பயிற்சியும் நேரமும் நல்ல ஆசிரியரும் மிச்சமிருக்கின்றன. 'உன் மூளையே அப்படி' என்றால் அவள் புத்தகத்தை மூடிவிடுவாள். ஆனால் மூளை பழக்கத்துக்கு இணங்குவது. லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்துதான் உரிமம் வாங்குகிறார்கள். எலினார் மக்வயர் என்ற மூளை ஆய்வாளரின் குழு, உரிமத்துக்குப் பயின்றவர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு, வழிகளை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் பெருத்திருந்தது. தோற்றவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. இது 2011இல் வெளியான ஆய்வு.

இதைவிட வலுவான சான்று சில குழந்தைகளிடம் இருக்கிறது. ஒரு பாதி மூளை முழுவதும் கெட்டு, நாளுக்குப் பல முறை வலிப்பு வரும்போது, அந்தப் பாதியையே எடுத்துவிடவோ துண்டித்துவிடவோ நேர்கிறது. எதிர்ப்பக்கக் கை பலவீனமாகவே இருக்கும், பார்வையின் ஒரு பாதி போய்விடும். எல்லாருக்கும் ஒரே அளவில் தேறுவதும் இல்லை. ஆனாலும் பலர் நடக்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். 2019இல் கால்டெக் ஆய்வாளர்கள், சிறுவயதில் இந்த அறுவை செய்துகொண்ட ஆறு பெரியவர்களை ஸ்கேன் செய்தார்கள். முதல் அறுவை நடந்தபோது அவர்களில் ஒருவருக்கு மூன்று மாதம், மூத்தவருக்குப் பதினோரு வயது. எஞ்சிய ஒரு பாதிக்குள்ளேயே பார்வைக்கும் அசைவுக்கும் கவனத்துக்குமான வலைப்பின்னல்கள் ஒழுங்காக அமைந்திருந்தன. அவற்றுக்கிடையிலான இணைப்புகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிட வலுவாக இருந்தன. சிறுவயதிலேயே இடது பாதியை இழந்த குழந்தைகளில் பலர் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு முழுவதும் அவர்களுடைய வலது மூளையிலிருந்து வருகிறது.