விளையாட்டுக்கென்று ஒரு துப்பாக்கியா?



அண்மையில் திண்டிவனத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். மண்டபத்தின் ஓரத்தில் நான்கைந்து இளைஞர்கள் ஒரே கைபேசியைச் சூழ்ந்து நின்றிருந்தனர். கிரிக்கெட் என்றெண்ணி எட்டிப் பார்த்தோம். திரையில் ஓர் அமெரிக்கர் அஞ்சலில் வந்த பெட்டியைப் பிரித்து, உதிரிப் பாகங்களை மேசைமேல் பரப்பி, தன் விருப்பப்படி ஒரு கைத்துப்பாக்கியை உருவாக்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் ஒருவர் விழுப்புரத்தில் லேத் பட்டறையில் வேலை பழகுபவர். நல்ல பிள்ளை, தொழுகையை விடாதவர். "என்ன தம்பி இது?" என்றோம். "சும்மா ஹாபிதான் மாமா. இதெல்லாம் நம்ம பட்டறையிலேயே செய்யலாம்" என்று சிரித்தார்.

விருந்து வீட்டில் எதற்குப் பேச்சு என்று நாமும் சிரித்துவிட்டு நகர்ந்தோம். அது நம் பிழை. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகின்றோம்.

நாம் சொல்ல வருவது ஒன்றே. வீட்டிலோ பட்டறையிலோ துப்பாக்கி செய்து பார்ப்பது பொழுதுபோக்கு அன்று. சட்டம் தடுக்கும் முன்பே மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது. காவல்துறை நம் வாசலுக்கு வரும் என்ற அச்சத்தால் மட்டும் ஒருவர் இதை விடுவாரானால், அவர் இன்னும் விடவில்லை என்றே பொருள்.

கூழாங்கல்லையே தடுத்த மார்க்கம்

அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி) அவர்கள், ஒருவர் விரலிடுக்கில் சிறு கல்லை வைத்துச் சுண்டி எறிவதைக் கண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்திருக்கிறார்கள் என்று அறிவுறுத்தினார்கள். அதற்கு நபியவர்கள் கூறிய காரணத்தையும் எடுத்துரைத்தார்கள்: அந்தக் கல்லால் வேட்டைப் பிராணியும் வீழாது, எதிரியும் காயமுறான், ஆனால் ஒருவரின் பல் உடையலாம், கண் பறிபோகலாம். அதே மனிதர் மீண்டும் கல் சுண்டுவதைக் கண்டபோது, இனி உம்மோடு பேசமாட்டேன் என்று கூறிவிட்டார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

சகோதரர்களே, இந்த அளவுகோலைக் கவனியுங்கள். பயன் எதுவும் இல்லை, தீங்குக்கு மட்டும் வாய்ப்பு உண்டு என்றால் அந்த விளையாட்டு வேண்டாம். கல்லைச் சுண்டியவர் யாரையும் குறி பார்க்கவில்லை. அவரும் "சும்மாதான்" என்றே சொல்லியிருப்பார். கண்ணைக் கெடுக்கக்கூடிய கூழாங்கல்லுக்கே இந்தக் கண்டிப்பு என்றால், உயிரைப் போக்கவென்றே செய்யப்படும் கருவிக்கு என்ன தீர்ப்பு என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் பாருங்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு நடப்பவர் அவற்றின் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். உறையிலிருந்து உருவிய வாளை ஒருவர் மற்றவருக்குக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுபவரை, அவர் உடன்பிறந்தவராகவே இருந்தாலும், வானவர்கள் சபிக்கிறார்கள் என எச்சரித்தார்கள். ஷைத்தான் அந்தக் கையை நழுவச் செய்துவிடக் கூடும் என்பதையும் சுட்டிக் காட்டினார்கள். உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை வேடிக்கையாக எடுத்து அவரைத் திடுக்கிடச் செய்தபோது, முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகுமானதன்று என்றார்கள். ஒரு கயிற்றை வைத்துச் செய்த வேடிக்கைக்கே இந்தக் கண்டனம்!

"அம்பெய்தல் சுன்னத் அல்லவா?"

இந்த ஆர்வத்துக்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் உளர். அம்பெய்யக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் ஊக்குவித்தார்களே, அம்பைச் செய்தவருக்கும் நன்மை உண்டு என்றார்களே என்று கேட்கின்றனர். ஆம், ஊக்குவித்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எங்கே, எப்படி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அஸ்லம் குலத்தார் அம்பெய்து பழகியது திறந்த வெளியில். நபி (ஸல்) அவர்கள் அவ்வழியே நடந்து வரும்போது கண்டு மகிழும்படி, ஊரறியப் பழகினார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, பெற்றவருக்கும் தெரியாமல், வரிசை எண்ணில்லாத ஆயுதம் செய்வதற்கு அதை எப்படிச் சான்றாக்குவது?

வில்லாளிகளைப் பற்றி நம் வரலாறு கற்பிக்கும் பெரிய பாடம் உஹதுப் போரில் இருக்கிறது. அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகளைக் குன்றின்மேல் நிறுத்தி, என்ன நேர்ந்தாலும் இடத்தை விட்டு அகலாதீர்கள் என்று நபியவர்கள் ஆணையிட்டார்கள். பெரும்பாலோர் அகன்றார்கள். அன்று 70 தோழர்கள் உயிர்த்தியாகம் செய்தார்கள். அவர்களிடம் குறிபார்க்கும் திறனுக்குக் குறைவில்லை; கட்டுப்பாடு தளர்ந்ததே கேடாயிற்று. ஆயுதம் என்பது பொறுப்பும் தலைமையும் கட்டுப்பாடும் உள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் சுன்னத்தின் பெயரைச் சொல்வது, சுன்னத்தைக் கேடயமாக்கிக்கொள்ளும் செயல்.

"வெறும் தொழில்நுட்ப ஆர்வம்தானே?"

இரண்டாவது வாதம் இது. அமெரிக்காவில் இந்த ஆர்வத்தை வளர்த்தவர்களும் இதையே சொன்னார்கள். முழுமையடையாத சட்டகம் துப்பாக்கியே ஆகாது என்று சொல்லி, வரிசை எண்ணும் வாங்குபவரைப் பற்றிய விசாரணையும் இல்லாமல் விற்றார்கள். பாலிமர்80 என்ற நிறுவனத்தின் ஒரு பெட்டிக்கு "வாங்கு, உருவாக்கு, சுடு" என்று பொருள்படும் பெயரே இடப்பட்டிருந்தது. குற்றம் நடந்த இடங்களில் தடம் காண முடியாத இத்தகைய துப்பாக்கிகள் பெருகியபின், 2022இல் அந்நாட்டு அரசு கட்டுப்பாடு விதித்தது. துப்பாக்கி உரிமையைத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது. அதன் உச்ச நீதிமன்றமே 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற பெரும்பான்மையில் அக்கட்டுப்பாடு செல்லும் என்றது. அங்கேயே எடுபடாத வாதத்தை இங்கே ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

ஜெர்மனியின் ஹாலே நகரில் 2019 அக்டோபர் 9 அன்று நடந்ததையும் நம் பிள்ளைகள் அறியட்டும். யூதர்களின் புனித நாளில் அவர்களின் வழிபாட்டுத் தலத்துக்குள் புக ஒருவன் முயன்றான். அவன் கையில் இருந்தவற்றுள் பல அவனே வீட்டில் செய்த துப்பாக்கிகள். அத்தகைய ஆயுதங்களால் காரியம் ஆகும் என்று உலகுக்குக் காட்டுவதும் தன் நோக்கம் என்று அவன் எழுதி வைத்திருந்தான். உள்ளே ஐம்பது பேரளவில் இருந்தனர். கதவு தாங்கியது. வெளியே தெருவில் ஒரு பெண்ணைக் கொன்றான். பிறகு ஒரு கெபாப் கடைக்குள் புகுந்து ஓர் இளைஞரைக் கொன்றான். மசூதிகளோடு பிற சமயத்தாரின் வழிபாட்டுத் தலங்களும் காக்கப்படுவதைத் திருக்குர்ஆன் இறையருளாக எடுத்துச் சொல்கிறது. அத்தலம் ஒன்றின் வாசலில் முடிந்தது அவனுடைய "தொழில்நுட்ப ஆர்வம்".

ஜெர்மனி தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2022 மே மாதத்தில் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரு இளைஞர்கள் துப்பாக்கிகளோடு பிடிபட்டனர். வாடகை வீடொன்றில் யூடியூப் பார்த்துத் தாங்களே செய்தவை என்று காவல்துறை தெரிவித்தது. ஆயுதக் குழு தொடங்கத் திட்டமிட்டனர் என்ற குற்றச்சாட்டுடன் வழக்கு தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.விடம் சென்றது. அவர்கள் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். இந்த நோய்க்குச் சாதியும் மதமும் இல்லை. ஆனால் அதே பட்டறையில் நம் பிள்ளை பிடிபட்டால், செய்தியின் முதல் வரியில் அவன் பெயர் இருக்கும். இரண்டாம் வரியில் நம் மஹல்லா இருக்கும். இது நியாயமா என்று கேட்டால், நியாயமன்று. அந்த அநியாயத்தைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்குக் காரணத்தைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

"முழுத் துப்பாக்கி செய்தால்தானே குற்றம், பாகம் பாகமாக வைத்திருந்தால் என்ன?" என்ற எண்ணம் இளைஞர்களிடம் இருக்கிறது. இது பேராபத்தான அறியாமை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும்கூடத் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. செய்வதற்கும் பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும் உரிமம் வேண்டும். பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் அவ்வாறே. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமின்றித் துப்பாக்கி செய்தால் குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறை. உரிமமின்றி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டுகள். இருபது வயதில் உள்ளே போனவன் எந்த வயதில் வெளியே வருவான்? அவனுக்காகப் பார்த்து வைத்த பெண் காத்திருப்பாளா? அவன் தங்கையின் நிக்காஹ் என்னாகும்? பட்டறையை நம்பிக் கொடுத்த உஸ்தாதின் கதி என்ன?

"காலம் சரியில்லையே, தற்காப்புக்கு வேண்டாமா?"

இந்த மூன்றாவது வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. நாட்டின் சில பகுதிகளிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்து நம் இளைஞர்கள் உறக்கம் கெடுகிறார்கள் என்பதை அறிவோம். உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமையை மார்க்கமும் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளும் தருகின்றன. ஆனால் தற்காப்பு உரிமை, கள்ளத் துப்பாக்கிக்கான உரிமம் ஆகாது. உண்மையான அச்சுறுத்தல் உள்ளவருக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஜமாஅத் இருக்கிறது.

குழப்பம் மிகுந்த காலத்தில் ஆயுத விற்பனையையே இம்ரான் பின் ஹுசைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள் என்பதை இமாம் புகாரி குறிப்பிடுகிறார்கள். காலம் கெட்டுவிட்டது என்பதையே ஆயுதத்தைத் தவிர்ப்பதற்கான காரணமாக அந்தத் தோழர் கண்டார். நாமோ அதை ஆயுதம் தேடுவதற்கான காரணமாக்குகின்றோம். தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை முன்கூட்டியே அடைக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் விதி. வீட்டில் இருக்கும் துப்பாக்கி என்றோ வரக்கூடிய பகைவனுக்காகக் காத்திருப்பதில்லை. அண்ணன் தம்பிச் சண்டைக்கும், வாடிப்போன மனத்தின் நள்ளிரவுக்கும், அலமாரியைத் திறக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் முதலில் கிடைப்பது அதுதான். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்ற இறைக்கட்டளை இதற்கும் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும்

பிள்ளை எந்நேரமும் அறைக்குள் என்ன செய்கிறான் என்று அத்தாமார்கள் கேளுங்கள். கைபேசியைப் பிடுங்குவதற்கு முன் அவனோடு அமர்ந்து அந்தக் காணொளியைப் பாருங்கள், பிறகு பேசுங்கள். இணையத்தில் வாங்கிய பெட்டி வீட்டுக்கு வந்தால் அம்மாமார்கள் பிரித்துப் பார்ப்பதில் தவறில்லை. பட்டறை நடத்தும் சகோதரர்கள், வேலை நேரம் முடிந்தபின் இயந்திரம் யாருக்காக ஓடுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஜும்ஆ பயானில் வட்டியையும் மதுவையும் கண்டிக்கும் ஆலிம்கள் இதையும் ஒரு வாரம் பேசட்டும்.

குறிபார்க்கும் ஆர்வம் உண்மையானது என்றால் அதற்கு ஹலாலான வாசல் உண்டு. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், ஏர் ரைஃபிள் பிரிவில் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் நாட்டுக்காக நின்றார். பயிற்சியாளரின் கண்பார்வையில், பதிவுள்ள துப்பாக்கியோடு, எல்லோரும் பார்க்கும் அரங்கில் அவர் குறி பார்த்தார். அது விளையாட்டு. பள்ளி, கல்லூரிகளின் என்.சி.சி. படையும் நம் பிள்ளைகளுக்குத் திறந்தே இருக்கிறது.

இரும்பில் கடும் வலிமையும் மனிதர்க்குப் பயன்களும் உண்டு என்கிறது இறைமறை. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, அவர்கள் கைக்குக் கற்றுக் கொடுத்த தொழில் கவசம் செய்வது. வளையங்களைச் சரியான அளவில் கோக்கும்படி அவர்களுக்குக் கட்டளை இருந்தது. இரும்போடு உழைக்கும் ஒவ்வொரு முஸ்லிமுக்கும் இதைவிட உயர்ந்த முன்மாதிரி இல்லை.

அந்த விழுப்புரத்துத் தம்பியின் கைகளும் அளவு தெரிந்த கைகள்தாம். அவை ஏர் உழுபவருக்கு உதிரிப் பாகம் செய்யட்டும், கிணற்று மோட்டாருக்கு அச்சு கடையட்டும், ஒரு நாள் சொந்தப் பட்டறை வைத்துப் பத்துப் பேருக்கு வேலை தரட்டும். வரும் ஜும்ஆவுக்கு, இன்ஷா அல்லாஹ், விழுப்புரம் சென்று அவரைச் சந்திக்கவிருக்கின்றோம். அன்று சிரித்து நகர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, கூழாங்கல் சுண்டியவரின் செய்தியைச் சொல்லப் போகின்றோம். உங்கள் தெருவிலும் அப்படியொரு தம்பி இருப்பார். நீங்களும் சென்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளின் கைகளை நன்மைக்கு மட்டும் பயன்படும் கைகளாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.