கர்ப்பிணிக்குக் கை அரித்தால் ஈரலைக் கவனி!



ஏழெட்டு மாதக் கர்ப்பிணி. ராத்திரி படுத்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒரே அரிப்பு. தோலில் தடிப்பும் இல்லை, புண்ணும் இல்லை. "உரம் போட்ட கை அரிக்காம என்ன செய்யும்?" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. "பிள்ளைக்கு முடி முளைக்குது, அதான்" என்கிறாள் பாட்டி. இந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது.

ஈரலில் ஊறும் பித்தநீர் குடலுக்குப் போய்ச் சேர வேண்டும். சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் அந்த ஓட்டம் தடைப்பட்டுப் பித்த அமிலம் இரத்தத்தில் தேங்கிவிடுகிறது. அதனால் வருவதே இந்த அரிப்பு. கண் மஞ்சளாகாமலும் இது வரும்.

"ஈரல் கெட்டால் கருப்பைக்கு என்ன?" என்று கேட்பீர்கள். அந்த அமிலம் கருப்பைத் தசையை உசுப்பிவிடும். நாள் ஆகுமுன்னே வலி கண்டு குறைப்பிரசவம் நேரலாம். அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவைத் தொட்டால், பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடுகிறது. பித்தநீர் குடலுக்குப் போகாவிட்டால் கே வைட்டமினும் உடம்பில் சரியாகச் சேராது. அது குறைந்தால் இரத்தம் உறையாமல், பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு மிஞ்சலாம்.

மஞ்சள்காமாலையோ இன்னும் கொடியது. 1955-56-இல் டில்லியில் குடிதண்ணீரில் சாக்கடை கலந்து, ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கர்ப்பிணிகளே அதிகம் மாண்டார்கள். அது ஹெப்படைட்டிஸ் ஈ என்று பின்னாளில் தெரிந்தது. கடைசி மூன்று மாதத்தில் இந்நோய் கண்டால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரைகூட இறக்கலாம். ஆகவே தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதாதா? 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஹெப்படைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி பலன் தந்ததாக எழுதினார்கள். பிற்பாடு மற்ற இடங்களில் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. நம் மூலிகைமேல் நமக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் வாயும் வயிறுமாக இருப்பவளை அதை நம்பி வீட்டிலே வைத்திருப்பது தப்பு.

ஓர் இரத்தப் பரிசோதனை போதும், விஷயம் தெரிந்துவிடும். அரிப்பைத் தணிக்க மருந்து உண்டு. எப்போது பிள்ளையை எடுப்பது நல்லது என்று டாக்டர் முடிவு செய்வார். நிபோங் திபாலில் இருந்தாலும் சரி, ஜார்ஜ் டவுனில் இருந்தாலும் சரி, கர்ப்பிணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். "கை அரிக்குது, ஈரலுக்கு இரத்தம் பாருங்க" என்று தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

"ஒருநாள் கூலி போயிடுமே" என்ற பயந்தான் பல பெண்களைத் தடுக்கிறது. 2023 முதல் பிரசவ விடுமுறை 98 நாளாக உயர்ந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பிரசவத்துக்கு முன் கிளினிக்குக்குப் போகும் நாளுக்கும் கூலி பிடிக்கக் கூடாது என்பதே என் கருத்து. இதை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் பேசுங்கள். புருஷன்மாரே, நீங்களே முதலில் எழுந்து பேசுங்கள்!

ஒருநாள் கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம். தாயையும் பிள்ளையையும் சம்பாதிக்க முடியுமா?