குத்தகைப் பொறுப்புக்கு எந்த வீதம்?

பதுளை பசார் வீதியில் கடை நடத்தும் ஒருவரிடம் கட்டட உரிமையாளர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "வருடத்துக்கு 5 இலட்சப்படி ஐந்து வருடத்துக்கு 25 இலட்சம். இப்போதே மொத்தமாகத் தந்தால் 20 இலட்சம் போதும்." ஐந்து இலட்சம் மிச்சம் என்று பலர் உடனே சம்மதித்து விடுவார்கள்.

அவசரப்பட வேண்டாம். நாளைய ரூபாயை இன்றைய பெறுமதிக்கு மாற்றும் கழிவு வீதத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். வாடகை வருட முடிவில் செலுத்தப்படுவதானால், 8 வீதத்தில் அந்த 25 இலட்சத்தின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 20 இலட்சம். 14 வீதத்தில் 17 இலட்சத்துச் சொச்சம்தான். 14 வீதச் செலவில் பணம் திரட்டுபவருக்கு இந்தச் "சலுகை"யால் கிட்டத்தட்ட 3 இலட்சம் நட்டம்.

எம்மைச் சுற்றியுள்ள ஊவாத் தோட்டங்களின் கணக்கிலும் இதே கேள்வி உண்டு. 1992இல் அரச தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. 53 வருடக் குத்தகை 2045இல் முடிகிறது. வாடகை பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும். கம்பனிகள் நெடுங்காலம் இப்பொறுப்பை 4 வீதத்தில் கழித்தே ஐந்தொகையில் காட்டின. இந்த நாட்டில் 4 வீதத்துக்குக் கடன் தருபவர் யார் என்று கேட்கத் தோன்றும். ஆனால் எதிர்கால ஏற்றத்தைச் சேர்க்காமல் அடிப்படை வாடகையை மட்டும் எடுக்கும்போது, பணவீக்கம் நீக்கிய வீதத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

2019 ஜனவரி முதல் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 நடைமுறைக்கு வந்தது. குத்தகையிலேயே அடங்கிய வீதம் தெரிந்தால் அதையே எடுக்க வேண்டும். தெரியாவிட்டால், அதே காலத்துக்கு, அதேபோன்ற பிணையுடன், அத்தகைய பெறுமதியுள்ள சொத்தைப் பெறக் கடன் எடுத்தால் என்ன வீதமோ அதுவே அளவுகோல். வீதம் கூடினால் பொறுப்பு சுருங்கித் தெரியும். அழகான ஐந்தொகையை விரும்புவோர் இங்கேதான் விளையாடுவார்கள்.

வங்கி மேலதிகப்பற்று வீதத்தை அப்படியே எடுப்பது பொருந்தாது. 2022 இறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியலே 30 வீதத்தைத் தாண்டியது. அந்த நெருக்கடிக்கால வீதத்தை நீண்டகாலக் குத்தகைக்குப் போட்டால் பாதிப் பொறுப்பு காணாமல் போய்விடும். ஒருமுறை தீர்மானித்த வீதத்தைச் சந்தை அசையும் போதெல்லாம் மாற்றவும் முடியாது; குத்தகை நிபந்தனைகள் மாறினால் அது வேறு விடயம்.

"நான் வட்டிக்குக் கடன் எடுப்பதில்லை, எனக்கேது வீதம்?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. கணக்கிட்டுப் பார்ப்பது கடன் எடுப்பதல்ல. இஸ்லாமிய வங்கியொன்று அதே காலத்துக்கு இஜாரா வசதி தந்தால் கேட்கும் இலாப வீதத்தை அளவாகக் கொள்ளலாம். கடையில் சரக்காகச் சுழலும் பணமானால், அது ஈட்டும் இலாபத்தையும் நினைத்துப் பாருங்கள்.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான நியமத்தைப் பின்பற்றுவோர் சாதாரண கடை வாடகையை இவ்வாறு ஐந்தொகையில் பதிய வேண்டியதில்லை. பேரம் பேசும்போது மட்டும் இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். 14 வீதக்காரர் 17 இலட்சத்தில் பேச்சைத் தொடங்கலாம்.